மெஷர்ஸ்ட்ரிங்: தொகை வலது கோட்டில் நிற்கவில்லை

கேள்வி – மண்டி_பில்
கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கான சீட்டு புரோகிராமை விபி 6-லிருந்து (விஷுவல் பேசிக்கின் பழைய பதிப்பு) விபி டாட்நெட்டுக்கு மாற்றுகிறேன். பழையதில் வலது கோட்டின் இடமான 5760-லிருந்து டெக்ஸ்ட்வித்தை (எழுத்தின் அகலம்) கழித்து கரண்ட்எக்ஸில் (எழுதத் தொடங்கும் இடம்) வைத்தால் தொகை நேராக நிற்கும். இப்போது 5760-ஐ 14.4-ஆல் வகுத்து 400 ஆக்கி, ஃபார்மின் கிரியேட்கிராஃபிக்ஸில் மெஷர்ஸ்ட்ரிங் போட்டு எழுத்தின் அகலத்தை அளக்கிறேன். சின்னத் தொகை இடப்பக்கம் விலகுது, எழுத்தால் வரும் தொகை கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகுது. ஃபான்ட் 10 பாயின்ட்.

பதில் – ட்விப்ஸ்
14.4 சரிதான். விபி 6-இன் அளவு அலகான ட்விப்ஸ் அங்குலத்துக்கு 1440, பிரிண்டர் கிராஃபிக்ஸின் அலகு 100. ஆனா ஃபார்ம் கொடுப்பது பிக்சல், வழக்கமாக அங்குலத்துக்கு 96. அகலம் 4 சதவீதம் குறைவாக வருது, நீள வரி அதனால்தான் தாண்டுது. இன்னொன்று, மெஷர்ஸ்ட்ரிங் இரு பக்கமும் எம்மில் (ஃபான்ட் அளவுக்குச் சமமான நீளம்) ஆறில் ஒரு பங்கு இடம் சேர்க்கும். 10 பாயின்டில் மொத்தம் 1 மி.மீ-க்கு மேல். சின்ன எண்ணில் இதுதான் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று பாதி மறைக்கிறதால் ஒன்றை மட்டும் திருத்தினால் இன்னும் மோசமாகத் தெரியும்.

அச்சிடும்போது ஓடும் பிரின்ட்பேஜுக்குள் வரும் கிராஃபிக்ஸிலேயே அளங்க. ஓர இடம் சேர்க்காத எழுத்து அமைப்பான ஜெனரிக்டைப்போகிராஃபிக்கை நகலெடுத்து ஒரு வேரியபிளில் வைத்து, மெஷர்டிரெய்லிங்ஸ்பேசஸ் (கடைசி வெற்றிடத்தையும் அளக்கும்) கொடியை அதில் சேருங்க. நேரே அந்த பிராப்பர்ட்டியில் சேர்க்காதீங்க. அளக்கவும் வரையவும் அதே வேரியபிள்.

பதில் – பாலக்கோட்டான்
வலது ஓரத்துக்கு அளப்பதே வேண்டாத வேலை. அந்த வேரியபிளில் அலைன்மென்ட் ஃபார் (வலது ஓரம்), எக்ஸ் 400, டிராஸ்ட்ரிங் (எழுத்தை வரையும் கட்டளை). முடிஞ்சுது. செவ்வகம் கொடுத்து வரைஞ்சா உயரம் ஒரு வரிக்குக் குறையக் கூடாது, லைன்லிமிட் (முழுசாகக் கொள்ளாத வரியை விட்டுவிடும் கொடி) அந்த வரியையே விழுங்கிடும்.

ஊர்ப் பெயரை வெட்டும் இடத்தையும் பாருங்க. 'பாலக்கோடு' லெங்த்தில் 9 யூனிகோட் குறி, கண்ணுக்கு 5 எழுத்து. லெஃப்ட் போட்டு 6-ல் வெட்டினால் 'கோ' உடைஞ்சு 'பாலக்க' ஆயிடும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டுக்கு எழுதின, எழுத்தெழுத்தாக அகலம் கூட்டும் லூப்பை அப்படியே கொண்டு வராதீங்க. முழுச் சொல்லையும் அளந்து, நீளமா இருந்தா ஸ்ட்ரிங்இன்ஃபோவின் டெக்ஸ்ட்எலிமென்ட் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) ஒவ்வொன்றாகக் கடைசியிலிருந்து கழிங்க.

மண்டி_பில்
தொகை நேராயிடுச்சு, நன்றி. ஆனா பிரிவ்யூவில் சரி, தாளில் மொத்தமும் கொஞ்சம் வலமும் கீழும் இறங்குது.

ட்விப்ஸ்
தாளில் ஆரம்பப் புள்ளி பிரிண்டர் அச்சடிக்கக்கூடிய இடத்தின் மூலை, பிரிவ்யூவில் தாளின் மூலை. பிகின்பிரின்டில் பிரின்ட்ஆக்‌ஷனைப் பார்த்து, பிரிவ்யூ இல்லையென்றால் மட்டும் பிரின்ட்பேஜில் ஹார்ட்மார்ஜின்எக்ஸ், ஒய் (பிரிண்டர் அச்சடிக்க முடியாத ஓரம்) இரண்டையும் மைனஸில் டிரான்ஸ்லேட்டிரான்ஸ்ஃபார்முக்குக் கொடுங்க.