கண்ணாடியைக் கீறாத, கனமான வெள்ளைக் கல்: இது என்ன கனிமம்?

கேள்வி:
வணக்கம். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைக் கல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் ஓரங்களில் ஒளி ஊடுருவுகிறது. குவார்ட்ஸ் என்று எண்ணியே எடுத்து வந்தேன். ஆனால் அது கண்ணாடியைக் கீறவில்லை, எஃகுக் கத்தியோ அதன்மேல் எளிதாகக் கோடு போட்டுவிட்டது. கால்சைட்டாக இருக்கலாமோ என்று வினிகர் விட்டுப் பார்த்தேன்; ஒரு குமிழிகூட எழவில்லை. அளவைப் பார்த்தால் நம்ப முடியாத கனம். படம் அனுப்பினால் பெயர் சொல்ல முடியுமா?

பதில்:
வெள்ளைக் கனிமங்கள் படத்தில் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் படம் இங்கே உதவாது. உங்கள் சோதனைகள்தான் உதவும். முதலில், கத்தி போட்ட கோட்டை விரலால் துடைத்துப் பாருங்கள், ஏனெனில் கத்தியின் உலோகமே கல்லில் ஒட்டிக் கீறல்போலத் தோன்றுவதுண்டு. கோடு அழியாவிட்டால், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7 என்ற, கத்தியை மிஞ்சும் கடினத்தன்மை உடைய குவார்ட்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. வினிகர் வலுக்குறைந்த அமிலம். டாலமைட் போன்ற கார்பனேட் கனிமங்கள் முழுக்கல்லாக இருக்கையில் அதற்கு அசையாது, ஆகவே சிறிது சுரண்டி அந்தத் தூளின்மேல் விடுங்கள்.

நீங்கள் சொன்னவற்றுள் மிகப் பெரிய தடயம் கனம்தான், அதை அளந்துவிடுங்கள். கல்லை எடை போட்ட பிறகு, தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாதபடி முழுவதும் மூழ்கவிடுங்கள். கல்லின் எடையை அப்போது தராசு காட்டும் கிராமால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைப்போல எத்தனை மடங்கு அடர்த்தியானது என்பது, கிடைக்கும்.

கேட்டவர்:
கோடு அழியவில்லை. தூளிலும் குமிழி இல்லை. கல்லின் எடை 234 கிராம், நீரில் தொங்கவிட்டபோது தராசு காட்டியது 52 கிராம். உடைந்த இடம் தட்டுத் தட்டாகப் பிளந்திருக்கிறது.

பதில்:
அப்படியானால் ஒப்படர்த்தி 4.5. கால்சைட் 2.7, ஃபுளோரைட் 3.2 அளவில் நின்றுவிடும். உங்களுடையது பேரைட், அதாவது பேரியம் சல்பேட் என்றே கருதுகிறேன். கடினத்தன்மை 3 முதல் 3.5, தட்டையான பிளவு, அமிலத்துக்குப் பொங்காமை ஆகிய மூன்றும் அதற்கே பொருந்துகின்றன. கிரேக்கத்தில் கனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் பெயரும் வந்தது.

இன்னொருவர் பதில்:
பேரைட் என்பதை ஏற்கிறேன், ஆனால் செலஸ்டைன் என்ற கனிமமும் இதே தோற்றமும் பிளவும் உடையது. அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 4. கல் பாத்திரத்தின் அடியைச் சற்றே தொட்டாலும் தராசு கூடுதலாகக் காட்டும், விடை குறைந்து வரும். 52க்குப் பதில் 59 வந்திருந்தால் நாம் செலஸ்டைன் என்றிருப்போம். ஆகவே மீண்டும் அளந்துவிடுங்கள்.

கேட்டவர்:
நூலை மாற்றி மூன்று முறை அளந்தேன். 52, 52, 51. பேரைட் என்று சீட்டெழுதி ஒட்டிவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.