ஏரியில் ஆகாயத்தாமரை: அள்ளிய ஆறே மாதத்தில் திரும்ப மூடிவிட்டது, என்ன செய்யலாம்?

ஏரிக்கரை_செங்கை:
செங்கல்பட்டு மாவட்டம், சுமார் 60 ஏக்கர் ஏரி. போன வருடம் ஊர்ப்பணத்தில் ஹிட்டாச்சி பிடித்து ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையின் உள்சரிவில் போட்டோம். மழை முடிந்து ஆறு மாதத்தில் மதகுப் பக்கம் பாதி மூடிவிட்டது. மேல் ஏரியின் உபரிநீரும் தெருக் கழிவுநீரும் ஒரே வரத்துக்கால்வாயில்தான் இறங்குகின்றன. களைக்கொல்லி மருந்து அடித்துவிடலாம் என்கிறார்கள் சிலர், இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டு விடலாம் என்கிறார்கள் வேறு சிலர். மறுபடி காசு போடும் முன் தெளிவு வேண்டும். இன்னொன்று: மீன்பாசி (ஏரியில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) குத்தகைக்காரர் வலையில் கல் மாதிரித் தோலோடு கறுப்பு மீன் நிறைய மாட்டுகிறது. அதை என்ன செய்வது?

கலங்கல்:
முதலில் செடியைச் சரியாகப் பாருங்கள். ஆகாயத்தாமரை என்று ஊரில் இரண்டு செடிகளைச் சொல்வார்கள். இலைக்காம்பு வெங்காயம் போல உப்பி, ஊதாப் பூ வந்தால் அது வெங்காயத்தாமரை. காம்பே இல்லாமல் முட்டைக்கோஸ் மாதிரி அடுக்காக இருந்தால் அது வேறு. ஆறு மாதத்தில் பாதி ஏரி மூடியது என்றால் பெரும்பாலும் முதலாவதுதான். அமேசான் பகுதிச் செடி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூவழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவந்தது, இன்று நம் ஏரிகளை அடைக்கிறது.

நீங்கள் அள்ளியதில் தவறில்லை, அள்ளியதோடு விட்டதுதான் தவறு. கழிவுநீர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இது ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். நாணலுக்குள் 100 செடி ஒளிந்திருந்தால் நான்கு மாதத்தில் 25,000-ஐத் தாண்டும். உள்சரிவில் போட்ட குவியலும் முதல் மழையில் திரும்ப ஏரிக்குள் இறங்கியிருக்கும். சேற்றில் கிடக்கும் விதை வேறு, 20 வருடம் வரை உயிரோடு இருக்கும்.

நீர் வற்றத் தொடங்கி, இன்னும் இரண்டடியாவது நிற்கும் நாளில் இறங்குங்கள். முழுக்க வற்றிவிட்டால் செடியை மிதக்கவிட்டு இழுக்க முடியாது. காற்று எந்தக் கரைக்கு ஒதுக்குகிறதோ அந்தக் கரையில் இயந்திரத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆள் நின்று வலை கட்டிய நைலான் கயிற்றால் மற்றதை அங்கே இழுத்துச் சேருங்கள். சாதாரண பக்கெட் தண்ணீரையும் கரை மண்ணையும் சேர்த்து அள்ளும். இடைவெளி விட்டுக் கம்பி வைத்த பக்கெட் கேளுங்கள். அடர்ந்த இடத்தில் ஏக்கருக்கு 80 முதல் 160 டன் வரும், அதில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். முழுக்கொள்ளளவு மட்டத்துக்கு மேலே போட்டு நாலைந்து நாள் வடியவிட்டு ஏற்றினால் டிராக்டர் நடை வெகுவாகக் குறையும்.

ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். எழுத்தில் அனுமதி வாங்காமல் இயந்திரம் இறக்காதீர்கள்.

மூங்கில்_தெப்பம்:
வரத்துக்கால்வாயில் மிதவைத் தடுப்பு கட்டாமல் எதைச் செய்தாலும் மேல் ஏரிச் செடி வந்துகொண்டேதான் இருக்கும். மூடியை இறுக்கிய பழைய பிளாஸ்டிக் டிரம்களை ஐந்தடிக்கு ஒன்றாகக் கட்டி, மேலே மூங்கில், கீழே தண்ணீருக்குள் ஒன்றரை முதல் இரண்டடி ஆழத்துக்கு வலை தொங்க வேண்டும். வலையின் அடியில் சங்கிலியோ கல்லோ எடைக்கு.

பலர் கால்வாய்க்குக் குறுக்கே நேராகக் கட்டிவிடுகிறார்கள். வெள்ளத்தில் செடி மூட்டை மூட்டையாக அழுத்தித் தடுப்பு அறுந்துபோவது அதனால்தான். கரைக்கு 30, 40 பாகை சாய்வாகக் கட்டினால் செடி தானே ஒரு கரைக்கு ஒதுங்கும், அங்கே வாரம் ஒருமுறை கையால் அள்ளலாம். ஒரு முனை முடிச்சு சட்டென்று அவிழ்க்கும்படி இருக்கட்டும், பெருவெள்ளத்தில் திறந்துவிட. உபரிநீர் வழியும் கலங்கலுக்கு முன்னாலும் ஒன்று கட்டுங்கள், கீழ் ஏரிக்கு நீங்கள் அனுப்பாதிருக்க.

நீர்ப்பூச்சி:
மருந்து வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். செத்த செடி அப்படியே மூழ்கி அழுகும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மிதக்கும். செடியில் இருந்த தழை மணிச் சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போய் அடுத்த தலைமுறைக்கு உரமாகும். அள்ளினால்தான் அந்தச் சத்து ஏரியை விட்டு வெளியே போகிறது.

கூன்வண்டு நல்ல வழிதான், 1980களிலேயே இந்தியாவில் விட்டிருக்கிறார்கள். அரை சென்டிமீட்டர் நீளம்கூட வராது. பகலில் சுருண்ட இளம் இலைக்குள் பதுங்கி, இரவில் இலையைச் சுரண்டும். இலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய கட்டம் கட்டமான தழும்பு தெரிந்தால் வண்டு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். புழு காம்பைக் குடையும், கூட்டுப்புழு தண்ணீருக்குள் வேரில் ஒட்டியிருக்கும். ஆகவே கோடையில் வற்றும் ஏரியில் அது நிலைக்காது. பலன் தெரியவும் சில வருடம் ஆகும். மழையை நம்பிய உங்கள் ஏரிக்கு அதைப் பிரதானமாக வைக்க நான் சொல்லமாட்டேன்.

ஏரிக்கரை_செங்கை:
நன்றி. அள்ளியதை உரமாக்கலாமா? அந்த மீனைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கலங்கல்:
ஆக்கலாம். மூன்று அங்குலத் துண்டாக வெட்டி, ஓரடிக்கு ஒரு அடுக்கு சாணக்கரைசல், 15 நாளுக்கு ஒருமுறை புரட்டல், 60 முதல் 90 நாள். நடுக்குவியல் கை வைக்க முடியாத சூடு ஏற வேண்டும், இல்லாவிட்டால் விதை சாகாது. பூத்த செடியில் பூத்தண்டு வளைந்து தண்ணீருக்குள் போய்த்தான் விதை முற்றும். எனவே பூக்கும் முன் அள்ளுவது இரட்டை லாபம். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஏரி என்றால் உரமே வேண்டாம். இந்தச் செடி உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

வலைக்கண்ணி:
அது சக்கர் மீன், டேங்க் கிளீனர் என்று விற்பது. தென் அமெரிக்க மீன். வீட்டுத் தொட்டியில் பெரிதானதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். வலையில் மாட்டியதைத் தண்ணீருக்குள் திரும்பப் போடவே கூடாது. கரையில் வீசினாலும் பல மணி நேரம் சாகாது, நெளிந்து திரும்பிவிடும். தலையில் அடித்துக் கொன்று இரண்டடிக் குழியில் புதையுங்கள். முட்டையிடக் கரையில் ஒரு மீட்டர் வரைகூட வளை தோண்டும். நீர் இறங்கியதும் மதகை ஒட்டிய கரையில் ஓட்டைகளைத் தேடிக் களிமண் திணித்து இடியுங்கள். குத்தகையில் கட்லா, ரோகு, மிர்கால் மட்டும் என்று எழுதுங்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி குஞ்சுகளோடு கலந்து வந்துவிடாதபடி, விடும் நாளில் ஊரார் இருவர் நின்று பார்க்கட்டும்.

மூங்கில்_தெப்பம்:
ஹிட்டாச்சி பக்கெட், பரிசல், வலை எதுவானாலும் வேறு ஏரியிலிருந்து வந்தால் சேறு போகக் கழுவிக் காயவைத்தபின் இறக்குங்கள். முதல் மழைக்குப் பின் மூன்றாவது வாரத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை ஓரங்களைச் சுற்றி வர நான்கு பேர் வேண்டும். விதையிலிருந்து வரும் கன்றில் வெங்காயக் காம்பு இருக்காது, புல் போல மெல்லிய இலை சேற்றில் படிந்திருக்கும். பார்த்தும் விட்டுவிடுவது அதைத்தான். விரல் நீளத்தில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிச் சாக்கில் போடுங்கள்.