மெட்டபொலைட்டுக்குத் ‘திரிபொருள்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். உணவோ மருந்தோ உடம்புக்குள் மாறி உண்டாகும் பொருள்தான் மெட்டபொலைட்டு (metabolite). அதற்கு என்ன தமிழ்ச் சொல் என்பதுதான் பேச்சு.

மருந்தைப் பற்றி எழுதும்போதும் மெட்டபொலைட்டை ‘வளர்சிதைமாற்றப் பொருள்’ என்றே சொல்லலாம் என்று ஐயா ஒருவர் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. தின்ற சோறு சதையாவதும் சக்தியாவதும் வளர்வும் சிதைவும்தான், அங்கே அந்தச் சொல் சரி. ஆனால் மஞ்சளில் இருக்கும் குர்குமினை வைத்து உடம்பு எதையும் வளர்ப்பதில்லை. குடலும் கல்லீரலும் அதன்மேல் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வழிப் பொருளை ஒட்டி, நீரில் கரையும்படி ஆக்கி, வெளியே தள்ளப் பார்க்கின்றன. சிதைவு என்றும் சொல்ல முடியாது, மூலக்கூறு முன்னைவிடக் கனத்துத்தான் போகிறது.

அதைக் கண்டுபிடிப்பதே அந்தக் கனத்தை வைத்துத்தானே. மூலக்கூறுகளை அயனிகளாக்கி நிறை பார்க்கும் நிறைமாலைமானியில் (mass spectrometer) எதிர்மின்னேற்ற அயனியாக அளந்தால் குர்குமின் 367 என்ற நிறையில் நிற்கும். அதைச் சாப்பிட்டவரின் இரத்த மாதிரியில் 543இல் ஒரு முகடு எழும்பினால் முதலில் கழித்துப் பார்ப்பார்கள்: 176, குளுக்குரோனிக் அமிலத்தின் பங்கு ஒட்டியிருக்கிறது (அப்படி ஒட்டி உண்டான பொருள் குளுக்குரோனைடு). அந்த அயனியை உடைத்தால் 367 திரும்ப வரும். இன்னும் சந்தேகம் என்றால் மாதிரியில் அந்த ஒட்டை வெட்டும் குளுக்குரோனிடேஸ் நொதியைக் கலந்து வைப்பார்கள், 543 தேயத் தேய 367 உயரும்.

என் பரிந்துரை ‘திரிபொருள்’. குடிநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. தொல்காப்பியம், சொற்கள் சேரும் புணர்ச்சியில் திரிபு மூன்று என்கிறது: மெய்பிறிதாதல் (ஓர் எழுத்து வேறொன்றாவது), மிகுதல் (கூடுவது), குன்றல் (குறைவது). குர்குமின் குளுக்குரோனைடு ஆவது மிகுதல். அபினில் உள்ள கோடீன் மீத்தைல் என்ற சிறு அணுத்தொகுதி ஒன்றை இழந்து மார்ஃபின் ஆவது குன்றல், நிறை 299 என்பது 285 ஆகிறது. ஈசுரமூலி இனச் செடிகளின் அரிஸ்டோலோகிக் அமிலத்தில் நைட்ரோ தொகுதி மாறி அரிஸ்டோலாக்டம் ஆவதை மெய்பிறிதாதல் எனலாம்.

இந்தக் கடைசி இரண்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மார்ஃபின் கோடீனைவிட வீரியமானது. அரிஸ்டோலோகிக் அமிலம் மாறும்போது இடையில் உண்டாகும் பொருள்தான் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. ‘சிதை’ என்று பெயருக்குள்ளேயே வைத்துவிட்டால், படிக்கும் மாணவன் மருந்தின் கதை அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பான்?

‘பால் திரிஞ்சு போச்சு’ என்கிற வழக்கால் கெட்ட பொருள் தொனிக்கும் என்று தங்கை ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பால் திரிந்தால் இல்லாமல் போவதில்லை, வேறொன்றாகிறது. நமக்கு வேண்டிய பொருளும் அதுதான். கொரோனா காலத்தில் புழங்கிய ‘திரிபு’ வைரஸ் வகையைக் குறித்தது, ‘பொருள்’ சேர்ந்தால் குழப்பம் வராது.

அப்புறம், மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும் மருந்துக்கும் பெயர் வேண்டும். திரிபுக்கு எதிராகத் தொல்காப்பியம் சொல்வது இயல்பு. ‘இயல்பொருள்’ என்று வைக்கலாமா, ‘இயல்புப்பொருள்’ என்று விரிப்பதா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.