பாலம் விமானப்படை அருங்காட்சியகம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது, எப்படிச் சொல்வது?

கயல்விழி_துவாரகா:

வணக்கம். டெல்லியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பு, 45 பேர். நவம்பரில் ஒரு சனிக்கிழமை பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு. பாடப் புத்தகத்தில் போர்களின் தேதி இருக்கிறது. யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்பது இல்லை. அதை அங்கே வைத்துச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் ஹேங்கருக்குள் நுழைந்தால் எது வேகமாகப் பறக்கும், எதில் எத்தனை குண்டு ஏற்றலாம் என்பதிலேயே நின்றுவிடுவார்கள். எங்கே நிறுத்தி என்ன சொன்னால் மனதில் தைக்கும்? தமிழ்நாட்டுத் தொடர்பு ஏதாவது காட்ட முடியுமா? அதே நாளில் இந்தியா கேட் பக்கம் உள்ள தேசியப் போர் நினைவுச் சின்னத்தையும் சேர்க்கலாமா? வகுப்பில் நாலைந்து பேருடைய அப்பா படையில் இருக்கிறார்கள். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

இறக்கைமுனை:

கயல்விழி மேடம், சனிக்கிழமை நல்ல தேர்வு. திங்களும் செவ்வாயும் அங்கே விடுமுறை. பள்ளியின் தலைப்புத் தாளில் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள், கூட வரும் பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை வைத்திருக்கட்டும். விமானப்படைத் தளத்தை ஒட்டிய இடம், வாசலில் இதற்காக நின்றால் அரை மணி நேரம் போய்விடும்.

எல்லா விமானத்தையும் காட்ட முயல வேண்டாம். 45 பேரை 15 பேராக மூன்று குழுவாக்கி, நாலே இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிடம். முதல் குழு முதல் இடத்திலும் மற்றவை இரண்டாவது, மூன்றாவது இடத்திலும் தொடங்கினால் நெரிசல் இருக்காது. கடைசி 20 நிமிடம் அவர்கள் இஷ்டத்துக்குச் சுற்றட்டும், படமெடுக்கட்டும். இந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே கண் அங்கும் இங்கும் ஓடும்.

தொடங்கும் முன் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். அருங்காட்சியகத்தில் இருப்பவற்றில் சில, நாம் சொல்லும் சம்பவத்தில் பங்குபெற்ற அசல் பொருள். பல, அதே வகையைச் சேர்ந்த வேறொரு விமானம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், வண்ணம் பூசிப் பளபளவென்று நிற்கும் ஒன்றைப் பார்த்து “இதில்தான் அவர் பறந்தார்” என்று நம்பிவிடுவார்கள். அவர் பறந்தது பெரும்பாலும் எங்கோ சிதறிக் கிடந்திருக்கும். அதைச் சொல்வதே பாடத்தின் பாதி.

முதல் இடம் வாபிட்டி என்ற பழைய விமானம். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சி டிரிக் ரோட்டில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) நாலு வாபிட்டிகளோடு தொடங்கியது. திறந்த இருக்கை, துணி போர்த்திய இறக்கை. விமானியைக் காக்க என்ன இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். இங்கே மட்டும் ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது, 1971 போரில் அடிபட்ட சுகோய்-7 விமானத்தின் பின்பகுதி. பி839 என்பது அதன் எண். இது அசல். சைட்விண்டர் ஏவுகணை தாக்கியும் விமானி அதை ஓட்டிக்கொண்டு தளத்துக்குத் திரும்பினார். “ஏன் வால் பக்கம் மட்டும் கிழிந்திருக்கிறது?” என்று கேட்டுவிட்டு விடை சொல்லாமல் நில்லுங்கள். சைட்விண்டர் வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணை, விமானத்தில் அதிக வெப்பம் எஞ்சின் புகைபோக்கியில். யாராவது ஒரு பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கும். அடுத்த கேள்வி: வால் இப்படி ஆனபின் விமானியின் கையில் என்ன மிச்சம் இருந்தது? வால்தான் விமானத்தை நேராக வைத்திருப்பது என்று தெரிந்த பிள்ளைக்கு, அந்தத் திரும்பும் பயணம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பது தானாகப் புரியும். 15 நிமிடத்தையும் இங்கே செலவழியுங்கள். வாபிட்டியில் மிச்சம் பிடித்ததையும் இங்கேயே போடலாம்.

மூன்றாவது நாட் (Gnat) என்ற சிறிய போர் விமானம். வளாகத்திலேயே ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோனின் சிலை இருக்கிறது. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர் தளத்தின் மேல் பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்கள். ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே தன் நாட் விமானத்தைக் கிளப்பினார். இரண்டு சேபர்களைத் தாக்கினார் என்று விருதுப் பாராட்டுரை சொல்கிறது. பிறகு அவரும் அடிபட்டார். கடைசி நேரத்தில் காக்பிட்டின் மேல்மூடி பறந்ததைப் பார்த்திருக்கிறார்கள். குதிக்க முயன்றிருக்கிறார், ஆனால் உயரம் போதவில்லை. அந்தக் காலத்து எஜெக்‌ஷன் சீட் வேலை செய்ய ஓரளவு உயரமும் வேகமும் வேண்டும், பாராசூட் விரிய நேரம் வேண்டும். விமானத்தின் சிதைவு பள்ளத்தாக்கில் கிடைத்தது, அவர் உடல் கிடைக்கவே இல்லை. ஆகவே அங்கே நிற்கும் எந்த நாட் விமானமும் அவருடையது இல்லை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நாட் எவ்வளவு சிறியது என்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்றே உணரட்டும்.

நாலாவது ஓகா. பலர் பார்க்காமலே கடந்து போய்விடுவது, ஆனால் இந்த இடத்தில் இருப்பதிலேயே கடினமான பொருள் இதுதான் என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில் ஜப்பான் செய்த தற்கொலைத் தாக்குதல் விமானம். முன்பக்கம் 1,200 கிலோ வெடிபொருள், பின்பக்கம் மூன்று ராக்கெட், நடுவில் ஒரு மனிதன். “இதற்குத் தரையிறங்கும் சக்கரம் எங்கே?” என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் அமைதியாகிவிடும். 1945 மார்ச் 21 அன்று நடந்த முதல் தாக்குதலில் இவற்றைச் சுமந்து போன தாய் விமானங்கள் இலக்கை அடையும் முன்பே அத்தனையும் சுட்டு வீழ்த்தப்பட்டன. சேகோன் திரும்பி வரத்தான் கிளம்பினார். ஓகாவில் ஏறியவருக்குத் திரும்பும் வழியே வைக்கப்படவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கலாமா என்று பிள்ளைகள் வாதாடட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஆர்கேபுரம்_வாசகி:

இறக்கைமுனை சார் சொன்ன வரிசை சரி. படையில் இருப்பவர்களின் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

போவதற்கு ஒரு வாரம் முன்பே அந்தப் பெற்றோர்களிடம் பேசிவிடுங்கள். அப்பா இப்போது எல்லைப் பக்கம் இருக்கிறார் என்றால் குடும்பம் அதை எப்படிச் சொல்லி வைத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே போய், “உங்க அப்பாவும் இப்படித்தானே?” என்று எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையைக் காட்டாதீர்கள், பெருமையாகச் சொன்னாலும் வேண்டாம். இறந்தவராக நடித்துக் காட்டுவது, அவர் கடைசியாக எழுதியதாகக் கற்பனைக் கடிதம் எழுதச் சொல்வது இரண்டும் வேண்டவே வேண்டாம். இறந்தவர் வாயில் நாம் சொற்களைத் திணிக்கிறோம். பிள்ளைகளும் சினிமா வசனம்தான் எழுதுவார்கள். அவரைப் பற்றி ஆவணத்தில் இருப்பதை மட்டும் அவர்கள் தங்கள் வார்த்தையில் எழுதட்டும். அழும் பிள்ளையோடு வெளியே போய் உட்கார ஒரு ஆசிரியர் தனியாக இருக்கட்டும்.

எதிரி விமானியும் ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான் என்பதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள், அது போதும்.

பழைய_பதிவேடு:

தமிழ்நாட்டுத் தொடர்பு கேட்டீர்களே டீச்சர், ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலனில் தொடங்குங்கள். கார்கில் போர், 1999 மே 28. டோலோலிங் பகுதியில் தாக்கப்போன எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையால் விழுந்தது. ஸ்குவாட்ரன் லீடர் புந்திர், ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட் பிரசாத், சார்ஜென்ட் சாகு என நாலு பேரும் இறந்தார்கள். வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்றத் தீப்பந்து போன்ற ஃபிளேர்களை வீசுவார்கள். அந்த ஹெலிகாப்டரில் அந்தக் கருவி இல்லை. சுகோய் வாலைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும், அதனால் அதற்கு அடுத்தபடியாகச் சொல்லுங்கள். நாலு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். விமானப்படை என்றாலே விமானி மட்டும்தான் என்ற எண்ணம் அருங்காட்சியகங்களாலேயே வளர்கிறது. அந்த நாலு பேரில் இரண்டு பேர் சார்ஜென்ட்.

மிஸ்டேர் விமானம் அருகே ஐந்து நிமிடம் கிடைத்தால், ஸ்குவாட்ரன் லீடர் தேவையா. குடகைச் சேர்ந்தவர். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப்போன அணியில் அவர் மாற்று ஆள், யாராவது விலகினால் சேர வேண்டியவர். சேர்ந்தார், திரும்பவில்லை. அவரைவிட மிக வேகமான எஃப்-104 போர் விமானம் ஒன்றை எதிர்த்து நின்று வீழ்த்தினார். அதன் விமானி பாராசூட்டில் உயிர் தப்பினார். அங்கே என்ன நடந்தது என்பது இங்கே பல ஆண்டுகள் தெரியாது. 1979இல் வெளிவந்த ஒரு ஆங்கிலேயரின் நூல் வழியாகத்தான் விவரம் வெளியே வந்தது. மகாவீர் சக்ரா 1988இல் கொடுக்கப்பட்டது, 23 ஆண்டு கழித்து. அந்த 23 ஆண்டும் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

வெளியே நிற்கும் ஏ.என்.-12 சரக்கு விமானத்தையும் விடாதீர்கள். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே போன இதே வகை விமானம் 102 பேரோடு ரோதாங் பக்கம் பனியில் காணாமல் போனது. சிதைவு 2003இல்தான் கண்ணில் பட்டது. 2024இல்கூட நாலு உடல்களை எடுத்தார்கள். அது போர் நடந்த நேரம் இல்லை, இருந்தாலும் எல்லையில் படையை வைத்திருப்பதற்கான விலைதான் அது.

நினைவிடங்களுக்கு வருவோம். எந்தப் போருக்கு எங்கே பெயர் என்பதைக் குழப்பிக்கொள்வது வழக்கம். இந்தியா கேட் முதல் உலகப் போருக்கும் 1919 ஆப்கன் போருக்கும் உரியது. தேசியப் போர் நினைவுச் சின்னம் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்களுக்கு, 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசன், இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்கு டெல்லி கன்டோன்மென்ட் பிரார் சதுக்கத்தில் உள்ள போர்க் கல்லறை. பர்மா பக்கம் பறந்து உடல் கிடைக்காத இந்திய விமானிகளின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருக்கிறது. இது தெரியாமல் 1944இல் இறந்தவரை இந்தியா கேட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்.

பெயர் தேடும்போது இன்னொரு சிக்கல். நம் ஊர் முதலெழுத்தைப் படைப் பதிவில் விரித்து, அப்பா பெயரைச் சில சமயம் முன்னாலும் சில சமயம் பின்னாலும் போட்டிருப்பார்கள். முகிலன் என்பதில் ‘கி’க்கு ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு எழுத்தும் இன்னொருவர் வேறு எழுத்தும் போடுவார்கள். அதனால் பெயரோடு இறந்த தேதியையும் ஸ்குவாட்ரனையும் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பெயரைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

விமானபுரம்_செந்தில்:

பெங்களூரிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. இதே வேலையை இங்கே எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) அருங்காட்சியகத்தில் செய்பவர்கள் இந்தியாவிலேயே தயாரான மாருத் போர் விமானத்தின் முன் நிறுத்தலாம். அதை 1961 ஜூன் 17 அன்று முதலில் பறக்கவிட்ட சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரி 10 அன்று இதே மாருத்தின் மேம்பட்ட வடிவத்தைச் சோதிக்கும்போது இங்கேயே இறந்தார். 1971இல் மாருத் போருக்குப் போனது. போரில் ஒரு விமானம் நம்பகமாகப் பறக்கிறது என்றால் அதற்கு முன் யாரோ அதன் குறையைக் கண்டுபிடிக்கப் பறந்திருக்கிறார்கள். அவர் பெயரில் இருக்கும் சாலையில் தினமும் பஸ் போகிறது, ஏறி இறங்குகிறவர்களில் பலருக்கு அவர் யார் என்று தெரியாது. பாலத்திலும் மாருத் இருக்கிறது, இந்த இரண்டு வரியை அங்கே சொல்லிவிடலாம்.

கயல்விழி_துவாரகா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆளுக்கு, இறந்த வீரர் ஒருவரின் பெயர் எழுதிய அட்டை செய்து கொடுக்கலாமா? பாலம் முடித்து இந்தியா கேட்டா, பிரார் சதுக்கமா?

இறக்கைமுனை:

ஒரே நாளில் மூன்று இடம் வேண்டாம் மேடம். காலை 10 மணிக்குப் பாலம், 12 மணிக்கு வெளியே வந்து சாப்பாடு, பிறகு பிரார் சதுக்கம். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, கல்லறையில் கூட்டமும் இருக்காது. அங்கே பதவி வேறுபாடு இல்லாமல் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி. பெயர், பிரிவு, தேதி, பலவற்றில் வயதும் இருக்கும், சிலவற்றில் கீழே குடும்பம் எழுதிக்கொடுத்த ஒரு வரி. ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து கல்லின் வயதை மட்டும் குறித்து வரட்டும், திங்கட்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். சிலர் அவர்களைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர்களாக இருப்பார்கள்.

தேசியப் போர் நினைவுச் சின்னம் இன்னொரு நாளைக்கு, மாலை நேரத்தில். பெயர்கள் பொறித்த சுவர்களான தியாகச் சக்கரத்தில் திறப்பின்போதே 25,942 பெயர்கள் இருந்தன, தயாரிப்பில்லாமல் போனால் சுவரைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். பெயர் அட்டையை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று வேண்டாம், மூன்று பேருக்கு ஒன்று. 45 பெயரை ஒழுங்காகச் சரிபார்க்க உங்களால் முடியாது, 15 முடியும். ஒருவர் பெயரைத் தேட, ஒருவர் தேதியை ஒப்பிட, ஒருவர் எழுத. பாலத்தில் பேனா கொண்டுபோக வேண்டாம், பென்சில் மட்டும். துணி இறக்கையில் மை பட்டால் போகாது.