சிறுத்தை ஆய்வு செய்யும் தங்கச்சிக்கு உதவி தேவை

அக்காமார், அண்ணன்மாருக்கு வணக்கம்.

இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தைகளை ஆய்வு செய்யும் ஒரு தங்கச்சிக்காக எழுதுகிறேன். போன மாதம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பேசினாள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் மாட்டிச் சாவதைச் சொன்னாள். 2020இல் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி மாட்டித்தான் செத்தது, பலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் பேச்சில் இருபது விநாடியை மட்டும் வெட்டி, "மனுசரைவிட இவளுக்குப் புலிதான் பெரிசு" என்று யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள். அப்புறம் அவளுடைய போன் நம்பரும் பரவியது. இரவில் அழைத்துக் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கும் அம்மா, "படிப்பை விட்டுட்டு வா" என்று அழுகிறார்.

சனங்களின் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. பன்றி ஒரு இரவு கிண்டினால் மரக்கறிப் பாத்தியே போய்விடும். கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் பயமும் உண்மை. அவளும் அதே மேடையில் இதைச் சொன்னாள், வெட்டிய வீடியோவில்தான் அது இல்லை.

ஸ்க்ரீன்ஷாட்களைத் திகதியோடு சேர்த்து வைக்க ஒருவர் வேண்டும். அவளே அவற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கக் கூடாது. சிங்களக் கருத்துகளை வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. பொலிஸ் முறைப்பாட்டுக்கும், 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (Online Safety Act) இதற்கு உதவுமா என்று சொல்லவும் ஒரு சட்டத்தரணி தேவை. அடுத்த கூட்டத்துக்கு அவளோடு கூடவே போய்வர இரண்டு பேர் வந்தால் பெரிய தைரியம்.

அந்த வீடியோவுக்குக் கீழே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், அது இன்னும் பரவும். முடிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.