இன்டர்லாகனில் ஒரு வாரம்: அம்மா, மூன்று வயதுப் பையன், கூடவே மழை. திட்டத்தைச் சரிபார்க்க உதவுங்கள்

கோவைப் பயணி (கேள்வி)

வணக்கம். ஜூலையில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறோம். நான், மனைவி, மூன்று வயதுப் பையன், என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், முட்டிவலியும் உண்டு. இன்டர்லாகன் வெஸ்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்திருக்கிறோம். தினமும் காலையில் கிளம்பி மாலையில் அங்கேயே திரும்பி வர வேண்டும்.

போட்டு வைத்திருக்கும் திட்டம்: திங்கள் யுங்ஃப்ராவ்யோக் (ரயிலில் ஏறிப் போகும் பனிமலை), செவ்வாய் டிட்லிஸ் (இன்னொரு பனிமலை), புதன் செர்மாட் (மலையூர்), வியாழன் லாட்டர்புருன்னனும் ட்ரூமெல்பாக் அருவியும், வெள்ளி ஏரியில் படகு.

சிக்கல் என்னவென்றால், போனில் வானிலை பார்த்தால் அந்த வாரம் முழுக்க மழைப்படம்தான் காட்டுகிறது. அவ்வளவு பணம் கொடுத்து மேலே போய் மேகத்துக்குள் நின்றுவிட்டு வர மனசு வரவில்லை. டிக்கெட்டை இப்போதே எடுப்பதா, காத்திருப்பதா? அம்மாவை அந்த உயரத்துக்குக் கூட்டிப் போகலாமா? பாஸ் எது வாங்குவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

துன் ஏரிக்கரை

வணக்கம் தம்பி. நான் இஞ்ச பேர்ண் மாநிலத்திலதான் கனகாலமா இருக்கிறன். ஊரில இருந்து சொந்தக்காரர் வந்தால் இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போறது என்ர வேலை. அதால கொஞ்சம் விரிவாச் சொல்றன்.

முதல்ல டிட்லிஸையும் செர்மாட்டையும் வெட்டுங்கோ. டிட்லிஸ் நல்ல மலைதான், ஆனால் அது லுட்சேர்ணில தங்கிறவைக்கு. இன்டர்லாகனில இருந்து லுட்சேர்ணுக்கே ரயிலில ரெண்டு மணித்தியாலம் கிட்ட, அதுக்குப் பிறகு எங்கெல்பேர்க், பிறகு கேபிள் கார். செர்மாட்டுக்கு ஒரு வழிக்கே ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல, ஸ்பீட்ஸிலயும் விஸ்பிலயும் மாறவேணும். மூன்று வயசுப் பிள்ளையோட அந்த நாள் முழுக்க ரயிலுக்குள்ளதான் போகும். யுங்ஃப்ராவ்யோக்கில பனியாறு பார்த்தாப் பிறகு அடுத்த நாள் டிட்லிஸில இன்னொரு பனி மலை எதுக்கு?

ரெண்டாவது, ட்ரூமெல்பாக். நாலு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளை உள்ள விடமாட்டினம். மலைக்குள்ள ஈரமான படி, பெரிய இரைச்சல், ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூண்டு மலையின்ர பனித்தண்ணியும் அந்தப் பிளவுக்குள்ளாலதான் இறங்குது. உள்ளுக்கு லிஃப்ட் இருக்கு, ஆனால் அதுக்குப் பிறகும் படி நிறைய. உங்கட அம்மாவின்ர முட்டிக்கும் அது சரிவராது. லாட்டர்புருன்னனில ரோட்டில நிண்டாலே ஸ்டாவ்பாக் அருவி தெரியும், கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்தில இருந்து விழுது. ஜூலையில தண்ணி நல்லா இருக்கும். அதைப் பார்த்திட்டு கேபிள் காரில க்ரூட்ஷால்ப், அங்க இருந்து சின்ன ரயிலில ம்யூரன் போங்கோ. ஊருக்குள்ள கார் இல்லை, பிள்ளை பயமில்லாமல் ஓடலாம். ம்யூரனுக்கு மேல அல்மெண்ட்ஹூபெல் எண்டு ஒரு இடம், அங்க பிள்ளையளுக்கு விளையாட்டுத் திடல் இருக்கு. அம்மா வாங்கில இருந்துகொண்டு மூண்டு மலையையும் பார்க்கலாம்.

மழையைப் பற்றி: கிழமை முழுக்க மழைப்படம் காட்டினால் பயப்படாதேங்கோ. ஜூலையில இஞ்ச அநேகமா காலமை வெளிச்சிருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு மேகம் கூடி இடி மழை வரும். போன் அந்த நாளுக்கு ஒரு படம்தான் போடும், அதுவும் மழைப்படமாத்தான் இருக்கும். சுவிஸ் வானிலை நிலையத்தின்ர மீட்டியோசுவிஸ் ஆப்பை இறக்குங்கோ, மணித்தியாலக் கணக்கில காட்டும்.

அதோட திங்கள் யுங்ஃப்ராவ், வெள்ளி படகு எண்டு கிழமையோட கட்டிவைக்காதேங்கோ. மலைக்கு ரெண்டு நாள், பள்ளத்தாக்குக்கு ஒண்டு, ஏரிக்கு ஒண்டு, மழைக்கு ஒண்டு எண்டு வைச்சிருங்கோ. எது எண்டைக்கு எண்டதைக் காலமை எழும்பித் தீர்மானியுங்கோ.

மூன்றாம் தளம்

மேலே சொன்னதை முழுசாக ஆமோதிக்கிறேன். நாங்கள் பெங்களூரிலிருந்து போனபோது அறையில் உட்கார்ந்து மலையுச்சி நேரலைக் கேமராவைப் பார்த்துத்தான் கிளம்பினோம். கீழே இன்டர்லாகனில் நல்ல வெயில், மேலே கேமராவில் வெறும் வெள்ளை என்று ஒரு நாள் இருந்தது. அன்றைக்கு ஏரிக்குப் போய்விட்டோம்.

பாஸ் விஷயம். சுவிஸ் டிராவல் பாஸ் (நாடு முழுக்க ரயில், பஸ், படகுக்கான பாஸ்) கையில் இருந்தால் யுங்ஃப்ராவ்யோக் வரை இலவசம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைக்கும்தான் அந்த பாஸ். அதற்கு மேலே யுங்ஃப்ராவ்யோக்குக்கு 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். ஹாஃப் ஃபேர் கார்டு என்றால் ரயில், படகு, யுங்ஃப்ராவ் எல்லாவற்றுக்கும் பாதி விலை. பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ் என்று இந்த வட்டாரத்துக்கே ஒன்று உண்டு. இரண்டு ஏரிப் படகும், ஷீனிகே பிளாட்டே, நீசென், பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலை ரயில்களும் அதில் அடக்கம். யுங்ஃப்ராவுக்கு அதிலும் தள்ளுபடிதான். ஒரே ஊரில் தங்கி தினமும் சுற்றுகிறவர்கள் கடைசி இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பையனுக்கு ஆறு வயது ஆகவில்லை, ரயிலில் அவனுக்கு டிக்கெட் வேண்டாம். தங்குகிற இடத்தில் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள், உள்ளூர் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்காது.

செவிலியர் அக்கா

அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். யுங்ஃப்ராவ்யோக் 3454 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். இன்டர்லாகன் 570 மீட்டர்கூட இல்லை. 2020 கடைசியில் ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் வந்தபிறகு ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்விடலாம். உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பலர் சிரமமில்லாமல் போய் வருகிறார்கள். ஆனால் இதை இணையத்தில் யாரும் முடிவு செய்யக் கூடாது தம்பி. கிளம்புவதற்கு முன் அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் உயரத்தை எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். "மலைக்குப் போகிறோம்" என்றால் அவர் ஊட்டி என்று நினைத்துக்கொள்வார். இதய நோய் எதுவும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், முதல் நாளே போகாமல் இரண்டு நாள் கழித்துப் போங்கள். காலை மாத்திரையைத் தவறவிடக் கூடாது. மேலே மெதுவாக நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல், தலைசுற்றல் எது வந்தாலும் காபி குடித்துப் பார்ப்போம் என்று உட்காராமல் அடுத்த ரயிலில் இறக்கிவிடுங்கள். பையனையும் கவனியுங்கள், அந்த வயதில் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, சிணுங்கும், அவ்வளவுதான்.

கோவைப் பயணி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டிட்லிஸ், செர்மாட், ட்ரூமெல்பாக் மூன்றையும் எடுத்துவிட்டேன். டாக்டரிடம் நாளைக்கே கேட்கிறேன். அவர் வேண்டாம் என்றால் அம்மாவுக்கு ஏற்ற மலை எது? மழை நாளில் எங்கே போவது?

துன் ஏரிக்கரை

ஷீனிகே பிளாட்டே. வில்டர்ஸ்வில்லில இருந்து 1893இல தொடங்கின பல்சக்கர ரயில், பழைய மரப்பெட்டி, அம்பது நிமிஷம் ஆறுதலா ஏறும். மேல 2000 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. யுங்ஃப்ராவ்யோக்கில நிண்டால் நீங்கள் மலைக்குள்ள நிக்கிறியள், இஞ்ச நிண்டால் ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூண்டும் வரிசையா முன்னுக்குத் தெரியும். அல்பைன் பூந்தோட்டமும் இருக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். அம்மா யுங்ஃப்ராவ்யோக்குக்கு வராவிட்டால், ஒரு நாள் எல்லாரும் அம்மாவோட இஞ்ச வந்து, மற்ற நாளுகளில நீங்களும் மனைவியும் மாறி மாறி யுங்ஃப்ராவ்யோக் போய்வரலாம்.

ஏரிக்கு பிரியன்ஸ் ஏரியை எடுங்கோ. படகு இன்டர்லாகன் ஓஸ்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால வெளிக்கிடும், வெஸ்ட்டில இருந்து போறது துன் ஏரிக்கு, மாறி நிக்காதேங்கோ. தண்ணி பச்சையும் நீலமுமா இருக்கிறது பனியாறு அரைச்ச பாறைத்தூளால. கீஸ்பாக்கில இறங்கினால் 1879ஆம் ஆண்டுச் சின்ன இழுவை ரயில் மேல கொண்டுபோகும். அங்க ஹோட்டல் முற்றத்தில இருந்தே அம்மா அருவியைப் பார்க்கலாம். பிறகு பிரியன்ஸ் வரைக்கும் படகு, திரும்ப ரயில்.

நல்ல மழை எண்டால் பேர்ண் நகரம். ஓஸ்ட்டில இருந்து ரயில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பழைய நகரில கடைத்தெரு முழுக்கக் கூரை போட்ட நடைபாதை, கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர், குடை விரிக்காமலே சுத்தலாம். பிள்ளைக்கு ஆற்றங்கரையில கரடி இருக்கு. ஐரோப்பா பிளாட்ஸில பல சமயங்களின் இல்லம் எண்ட கட்டடம் 2014இல திறந்தது. ஒரே கூரைக்குக் கீழ எங்கட சிவன் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மண்டபம் எல்லாம். அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கோ, பூசை நேரத்தை முன்னுக்குப் பார்த்துக்கொள்ளுங்கோ. ஞாயிற்றுக்கிழமையில அநேகமான கடையள் பூட்டு, ஸ்டேஷன் கடை போல சிலதுதான் திறந்திருக்கும். அரிசி, தயிர், பால் சனிக்கிழமையே வாங்கி வையுங்கோ.

கோவைப் பயணி

அம்மாவிடம் கோயிலைப் பற்றிச் சொன்னேன், மலையை விட அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒன்று: யுங்ஃப்ராவ் நாளன்று காலை எத்தனை மணிக்குக் கேமரா பார்த்து முடிவு செய்வது?

மூன்றாம் தளம்

ஆறு, ஆறரைக்குள். வெளிச்சம் வந்துவிடும், கூட்டமும் குறைவு. கோடையில் இருக்கைக்குத் தனி முன்பதிவு இருக்கிறது, இடம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள். டிக்கெட் எடுக்கும்போது ரத்து விதியையும் படித்துவிடுங்கள்.

ஓஸ்ட்டில் ஏறும்போது பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள். அந்த ரயில் ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறுபாதி கிரிண்டெல்வால்ட்டுக்கும் போகும். நீங்கள் இறங்க வேண்டியது கிரிண்டெல்வால்ட் டெர்மினல், ஊருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால். ஜூலையானாலும் மேலே உறைகிற குளிர்தான், ஸ்வெட்டரும் கறுப்புக் கண்ணாடியும் பையனுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.