மார்கழி மொட்டைமாடியில் ஓரியன் நெபுலா: நடுவுல புள்ளி, ஓரத்துல வளைவு. எங்க தப்பு?

காசிமேட்டு கேமராக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எடுக்கிறவன். ஸ்டூடியோ, வீடு ரெண்டும் புது வண்ணாரப்பேட்டை. மார்கழியில முகூர்த்தம் கிடையாது, கேமரா பெட்டியில தூங்கும். அதான் இந்த வருஷம் பழைய கேனான் 1300டி-ய செகண்ட் ஹேண்ட் 80 மி.மீ. டெலஸ்கோப்புல மாட்டி, ஓரியன் நெபுலாவ (ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல ஒளிர்ற வாயு மேகம்) எடுத்தே தீருறதுன்னு மாடி ஏறிட்டேன். டெலஸ்கோப் ஃபோகல் லெங்த் 400. மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்குற ஸ்டாண்ட்) மோட்டார் வெச்சது, நட்சத்திரத்தைத் தானே தேடிப் பிடிச்சுப் பின்னாடியே போகும். ஆனா மேல-கீழ, இடம்-வலம் மட்டும்தான் திரும்பும்.

எங்க மாடி நிலவரம்: கிழக்கே மீன்பிடித் துறைமுகத்து ஹைமாஸ்ட் லைட். தெருவுல வெள்ளை எல்இடி. வடக்கே எண்ணூர், மணலி பக்கம் வானம் ராத்திரி பூரா செம்மண் கலர். துருவ நட்சத்திரத்தை இந்த மாடியில இருந்து ஒரு நாள் கூடப் பார்த்ததில்ல. ஓரியன்ல இடுப்புல மூணு, மூலையில நாலு, அவ்ளோதான் கண்ணுக்குத் தெரியும்.

கீழ் வீட்டு அக்கா குடுத்த திருவாதிரைக் களிய சாப்பிட்டுட்டு பத்தரைக்கு மேல போனேன். செட் பண்ணி முடிக்க பதினொண்ணு. ஓரியன் நல்ல உச்சியில. உசரத்துல இருந்தா புழுதிக் காத்து கம்மின்னு படிச்சிருந்தேன். 30 செகண்ட், ஐஎஸ்ஓ 1600, 60 ஷாட், ஜேபெக்.

வந்தது இன்னான்னா, பின்னணி பூரா வெளுத்த ஆரஞ்சு. நெபுலா, துணியில மஞ்சக்கரு சிந்தின மாதிரி ஒரு கறை, நடு மொத்தமா வெள்ளையா எரிஞ்சு போச்சு. படத்துக்கு நடுவுல நட்சத்திரம் புள்ளியா இருக்கு, நாலு மூலையிலயும் சின்னச் சின்ன வளைவா இழுத்திருக்கு. கடைசி 15 ஷாட் எல்லாமே மங்கல். ஃபோகஸ் சரி: கல்யாணப் பத்திரிகை அட்டையில பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் பார்க்க லென்ஸ் முன்னாடி வைக்கிற கோடு கோடா வெட்டின அட்டை) வெட்டி, சிரியஸ் நட்சத்திரத்தைப் பார்த்து வெச்சேன். மவுண்ட் ரிப்பேரா? இல்ல இந்த ஏரியாவுல இதெல்லாம் ஆசையே படக் கூடாதா?

ஏலகிரி_பைக்

பாஸ், கடைசிக் கேள்விக்கு ஆமாம்னு சொல்லிடுறேன். நெபுலாவுக்கு இருட்டு வேணும். ஜவ்வாது மலை பக்கம் போங்க, சும்மாவா அங்க காவலூர்ல வானாய்வகம் வெச்சாங்க? ஒரு ராத்திரி அங்க எடுத்தா ஊர்ல ஒரு மாசம் எடுத்ததுக்குச் சமம். போக முடியாதுன்னா ட்யூயல் பேண்ட் ஃபில்டர் (நெபுலாவோட ரெண்டு நிறத்தை மட்டும் விடுறது) வாங்குங்க.

திருவொற்றியூர் மாடி

தம்பி, மவுண்ட் நல்லாத்தான் வேலை செய்யுது. நான் ஏழு வருஷமா இதே கடற்கரை ஓரத்துல எடுக்கிறேன், நீங்க பண்ணின எல்லாத்தையும் நானும் பண்ணியிருக்கேன்.

முதல் விஷயம் களி. மார்கழித் திருவாதிரைன்னா பௌர்ணமியை ஒட்டி வரும். திருவாதிரை நட்சத்திரமே ஓரியனோட தோள்ல இருக்கிற பெட்டல்ஜூஸ்தான். அதாவது வருஷத்துலயே முழு நிலா ஓரியன் பக்கத்துல வந்து நிக்கிற ராத்திரியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கீங்க. வீடியோ லைட்டுக்குப் பக்கத்துல அகல் விளக்கை வெச்சு எடுத்த மாதிரி.

அடுத்தது அந்த வளைவு. ஓரியன் கிழக்கே எழும்பும்போது பாருங்க, ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு வரும். உச்சிக்கு வரும்போது நிமிர்ந்து நிக்கும். மேற்கே இறங்கும்போது அந்தப் பக்கம் சாயும். உங்க மவுண்ட் பின்னாடியே போகும், ஆனா கேமராவைச் சாய்க்காது. அதனால படம் தன் நடுப்புள்ளியைச் சுத்தித் திரும்புது. இந்தத் திரும்பல் ராத்திரி பூரா ஒரே வேகத்துல நடக்காதுங்கிறதுதான் சங்கதி. சென்னை 13 டிகிரி அட்சரேகை. ஓரியன் நெபுலா இங்க 71 டிகிரி உயரம் வரை ஏறும். அந்த உச்சியில திரும்புற வேகம் மணிக்கு 46 டிகிரி. 30 செகண்ட்ல உங்க கேமரா மூலையில 20 பிக்சலுக்கு மேல இழுத்திடும், நடுவுல ஒண்ணும் தெரியாது. நீங்க பார்த்தது அதேதான். கிழக்கே 36-லிருந்து 50 டிகிரி உயரத்துல இருக்கும்போது அதே திரும்பல் மணிக்கு 5-லிருந்து 10 டிகிரிதான். 10 செகண்ட் ஷாட்னா மூலையில ஒண்ணு ஒண்ணரை பிக்சல், கண்ணுக்கே தெரியாது.

டெல்லிக்காரனுக்கு எழுதின யோசனையை நாம அப்படியே எடுத்துக்கக் கூடாது. "உச்சியில எடு" அவங்களுக்கு ஓரளவு சரி, அங்க ஓரியன் 56 டிகிரிதான் ஏறும். நமக்கு உச்சி பொறி. கிழக்குதான் நம்ம பக்கம். துறைமுகத்து லைட்டைத் தாண்டினா அப்புறம் வங்கக் கடல், ஊரே கிடையாது. மேற்கே இறங்கும்போதும் இதே கணக்கு வரும், ஆனா அந்தப் பக்கம் வியாசர்பாடி, பெரம்பூர்னு மொத்த ஊரும் எரிஞ்சுக்கிட்டு நிக்குது.

பௌர்ணமி போய் அஞ்சாறு நாள் ஆனா நிலா பத்தரை மணி வாக்குலதான் வரும். அப்போ சாயங்காலம் 7.10-க்கு நெபுலா 36 டிகிரியில இருக்கும், 8.10-க்கு 50-ஐத் தொடும். அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு. போகிக்குள்ள முடிச்சிடுங்க, அப்புறம் புகை, அதுக்கப்புறம் தை பிறந்து உங்களுக்கே முகூர்த்தம் வந்திடும்.

செட்டிங்: ஐஎஸ்ஓ 800, 10 செகண்ட், 200 ஷாட். நடுப் பகுதிக்குத் தனியா 2 செகண்ட்ல 30 ஷாட், பிறகு ரெண்டையும் மாஸ்க் போட்டு ஒட்டணும், அது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. ரா ஃபைல்தான் (கேமரா சுருக்காம அப்படியே தர்றது), தயவுசெஞ்சு ஜேபெக் வேண்டாம். 8 பிட்ல நெபுலாவோட மெல்லிய ஓரம் வானத்து வெளிச்சத்துக்குள்ள கரைஞ்சிடும், பிறகு வெளிச்சத்தைக் கூட்டி இழுத்தா படிக்கட்டு படிக்கட்டா வரும். வானம் ஆரஞ்சா இருக்கிறதுக்காகப் பயப்படாதீங்க. அந்த வெளிச்சத்தைக் கடைசியில கழிச்சிடலாம், சிரில் மென்பொருள்ல பின்னணியைக் கழிக்க வசதி இருக்கு, இலவசம். கழிக்க முடியாதது அது விட்டுட்டுப் போற பொரிபொரி நாய்ஸ். அதுக்கு நிறைய ஷாட்டை ஒண்ணா அடுக்கிச் சேர்க்கிறதுதான் (ஸ்டேக்) மருந்து: நாலு மடங்கு ஷாட், பாதி நாய்ஸ்.

பின்னணி சுத்தமா கழியணும்னா ஃப்ளாட் (ஒரே சீரான வெள்ளை வெளிச்சத்தைப் படம் பிடிக்கிறது) எடுங்க, ஃபோகஸை அசைக்காம. நாங்கள்லாம் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி எடுப்போம், உங்ககிட்ட சாஃப்ட்பாக்ஸே இருக்குமே. மூடி போட்டு அதே 10 செகண்ட்ல 30 டார்க் (கேமராவோட சொந்த நாய்ஸை மட்டும் பிடிக்கிற இருட்டு ஷாட்). அதை மாடியிலயே, அதே சூட்டுல எடுக்கணும்.

கடைசி 15 மங்கல், பனி. முன் லென்ஸைத் தொட்டுப் பார்த்திருந்தா ஈரமா இருந்திருக்கும். கருப்பு சார்ட் பேப்பரைக் குழாய் மாதிரி சுத்தி, லென்ஸுக்கு முன்னாடி ஒரு ஜாண் நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி மாட்டுங்க. துடைக்கவே துடைக்காதீங்க, உப்புக் காத்து, கீறிடும்.

ஃபில்டர் பத்தி: ஏலகிரி தம்பி சொன்னது பொய் இல்ல. ஹைட்ரஜனோட 656 நானோமீட்டர் சிவப்பையும் ஆக்சிஜனோட 501 பக்கத்துப் பச்சையையும் மட்டும் விட்டா, வெள்ளை எல்இடி பெரும்பகுதி அடிபடும். பழைய சோடியம் லைட்டுக்குச் செஞ்ச ஃபில்டர்தான் எல்இடிக்கு எடுபடாது. ஆனா உங்க கேமராவுக்குள்ள இருக்கிற கண்ணாடி அந்த 656 சிவப்புல முக்கால்வாசியைத் தானே தடுக்குது. ஓரியன் நல்ல பிரகாசமான நெபுலா, முதல்ல வெறுங்கையோட எடுங்க.

லேத்துப் பட்டறை

திருவொற்றியூர் அண்ணன் ஒண்ணு விட்டுட்டாரு. ட்ரைபாடை மாடி நடுவுல வைக்காதீங்க. கீழ கன்டெய்னர் லாரி போனா தளம் அதிரும், நட்சத்திரம் சின்னப் புழு மாதிரி வரும். தளத்துக்கு அடியில சுவரும் பீமும் ஓடுற மூலையில வைங்க. தண்ணித் தொட்டி நிழல்ல நின்னா ஹைமாஸ்ட் வெளிச்சம் நேரா லென்ஸ்ல அடிக்காது.

காசிமேட்டு கேமராக்காரன்

அண்ணா, முடிச்சிட்டேன். எட்டு நாள் கழிச்சு வந்து எழுதுறேன், மன்னிக்கணும்.

ரெண்டு சாயங்காலம் ஏறினேன். முதல் நாள் கடல்ல இருந்து மேகம், 40 ஷாட்டோட மூட்டை கட்டினேன். ரெண்டாவது நாள் தொட்டி நிழல்ல, பீம் மூலையில வெச்சு, 7.15-லிருந்து 8.05 வரைக்கும் 212 ஷாட். லாரி, காத்துன்னு கழிச்சது 47. மிச்சம் 165, கூட்டிப் பார்த்தா 27 நிமிஷத்துச் சொச்சம். ஒத்த ஷாட்டைத் திறந்தா அதே ஆரஞ்சுதான், மனசு விட்டுப் போச்சு. ஸ்டேக் பண்ணி, பின்னணியைக் கழிச்சு, கர்வ்ஸை (வெளிச்சம், இருட்டைச் சரிபண்ற கோடு) மெதுவா இழுத்தேன். ரெண்டு பக்கமும் சிறகு விரிஞ்சுது, நடுவுல கருப்பா ஒரு கொக்கி உள்ள குத்திக்கிட்டு நிக்குது. 2 செகண்ட் ஷாட்டை ஒட்டினதும் எரிஞ்சு போன இடத்துல நாலு குட்டி நட்சத்திரம், மூக்குத்திக் கல்லு மாதிரி. இருபது வருஷமா மணப்பொண்ணு முகத்துல இருக்கிற மருவை எடுத்துக்கிட்டு இருந்த கை இது. இதுல ஒரு புள்ளியைக் கூடத் தொடலை.

12க்கு 18 சைஸ்ல பிரிண்ட் போட மின்ட் பக்கம் லேபுக்கு அனுப்பினேன். பையன் போன் பண்ணி, "அண்ணே, இது எந்த ஃபங்ஷன் ஃபோல்டர்ல போடணும்?"னு கேட்டான்.

ஏலகிரி பாஸ், தை பிறந்தாச்சு, பங்குனி தொடங்குற வரைக்கும் நமக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாது, மலைக்கு எங்க போறது.

ஒரே ஒரு குறை. பெரிய நட்சத்திரம் எல்லாத்தையும் சுத்தி ஊதா வளையம். இது எதனால?

திருவொற்றியூர் மாடி

அருமை தம்பி, படத்தைப் போடுங்க. ஊதா உங்க தப்பில்ல. ரெண்டே கண்ணாடி வெச்ச லென்ஸ், ஊதா நிறத்தை மத்த நிறத்தோட ஒரே இடத்துல குவிக்காது. மென்பொருள்ல ஊதாவை மட்டும் குறைக்கலாம். இல்லன்னா முன்னாடி 60 மி.மீ. ஓட்டை போட்ட அட்டையை மாட்டிப் பாருங்க, வளையம் சுருங்கும். வெளிச்சம் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும், அதனால ஷாட்டைக் கூட்டணும். பத்திரிகை அட்டை மிச்சம் இருக்கும்ல?